காலையில் விரைவுச்சாலை, பகலில் சேறு: உங்கள் லாரிக்கு எந்த டயர்?

காலை ஆறரை மணி. தீவு விரைவுச்சாலையில் மழை. உங்களுக்கு முன்னால் ஒரு சிறிய லாரி போகிறது. பின்தட்டில், கூரைக்குக் கீழே, பத்துப் பன்னிரண்டு பேர் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். பாதிப் பேர் தூக்கத்தில்.

ஒரு மணி நேரம் கழித்து அதே லாரி தெங்காவிலோ துவாஸிலோ ஒரு கட்டுமானத் தளத்துக்குள் நுழையும். அங்கே தார் கிடையாது. களிமண், சரளைக்கல், தண்ணீர் தேங்கிய குழி. மாலையில் மறுபடியும் விரைவுச்சாலை. ஞாயிற்றுக்கிழமை தேக்கா.

இரண்டு உலகத்திலும் ஓடுகிற இந்த வண்டிக்கு எந்த டயர் போடுவது?

லிட்டில் இந்தியாவில் டீ குடித்துக்கொண்டிருந்த ஓர் ஓட்டுநர் என்னிடம் இதைத்தான் கேட்டார். "டயர் மாத்தணும்னு முதலாளிகிட்ட சொன்னேன். சேத்துல மாட்டாத மாதிரி பெரிய பட்டனா பார்த்துப் போடுன்னாரு. அது சரிதானா?"

சரியில்லை என்பதுதான் சுருக்கமான பதில். ஏன் என்று பார்ப்போம். சிறு குத்தகையாளர், தோட்ட வேலை நிறுவனம், பிக்கப் வைத்திருப்பவர், லாரி ஓட்டுபவர் என யாராக இருந்தாலும் இது உங்களுக்கு உதவும்.

சேற்றில் மாட்டினால் நேரம் போகும்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. உங்கள் லாரி ஒரு நாளில் 60 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் எத்தனை கிலோமீட்டர் மண்? தளத்தின் வாயிலிலிருந்து உள்ளே போய் வருவது ஒன்று அல்லது இரண்டு கிலோமீட்டர் இருக்கலாம். மீதி 58 கிலோமீட்டர் தார்ச்சாலை.

மண்ணில் நீங்கள் போகும் வேகம் மணிக்கு 10, 15 கிலோமீட்டர். அங்கே சக்கரம் வழுக்கினால் வண்டி நிற்கும். யாராவது இறங்கித் தள்ளுவார்கள், அல்லது எக்ஸ்கவேட்டர் வந்து இழுக்கும். அரை மணி நேரம் வீண், கொஞ்சம் திட்டு. அவ்வளவுதான்.

விரைவுச்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் வண்டி ஒவ்வொரு விநாடியும் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. பின்தட்டில் இருப்பவர்களுக்கு இருக்கை வார் கிடையாது. பிரேக் போட்ட பிறகு வண்டி எத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறது என்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில் ஊழியர்களை ஏற்றிச் சென்ற லாரி, நின்றிருந்த டிப்பர் லாரியின் மீது மோதி இரண்டு ஊழியர்கள் உயிரிழந்தது பலருக்கு நினைவிருக்கும். அதற்கு டயர் காரணம் என்று இங்கே சொல்லவரவில்லை. லாரியின் பின்தட்டில் பயணம் செய்பவர்களுக்கு எவ்வளவு குறைந்த பாதுகாப்பு இருக்கிறது என்பதைத்தான் அது காட்டியது. 2023ஆம் ஆண்டிலிருந்து ஓட்டுநர் ஓய்வு, ஓட்டுநரைக் கவனிக்க உடன் ஒருவர் என்று விதிகள் இறுக்கப்பட்டுள்ளன. லாரியில் ஆட்களை ஏற்றவே கூடாது என்ற குரலும் தொடர்கிறது. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், நாளைக் காலை அந்த லாரி கிளம்பத்தான் போகிறது. அதன் டயர் எப்படி இருக்க வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கிறது.

ஆக, டயர் வாங்கும்போது முதல் கேள்வி இதுதான்: மழையில், ஆட்களை ஏற்றிய நிலையில், தார்ச்சாலையில் இது எப்படி நிற்கும்? சேற்றைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகு.

சிங்கப்பூரில் இது வெறும் தத்துவம் இல்லை. வானிலை ஆய்வகத்தின் நீண்டகாலச் சராசரிப்படி இங்கே ஆண்டுக்கு சுமார் 171 நாள் மழை பெய்கிறது. ஏறக்குறைய 2,113 மில்லிமீட்டர். அதாவது இரண்டு நாளுக்கு ஒரு நாள் ஈரச் சாலை என்றே வைத்துக்கொள்ளலாம்.

எச்டி, ஏடி, எம்டி: மூன்று எழுத்து ஜாதகம்

பிக்கப், ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கான டயர்களை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். கடைக்காரர் பேசும்போது இந்த எழுத்துகள் வந்து விழும்.

எச்டி என்றால் நெடுஞ்சாலை டயர். வரிப்பள்ளங்கள் நெருக்கமாக, நேராக இருக்கும். சத்தம் குறைவு, ஈரத்தில் நன்றாக நிற்கும், எரிபொருளும் மிச்சம். சேற்றில் இரண்டு சுற்றிலேயே பள்ளம் அடைத்து வழவழவென்று ஆகிவிடும்.

எம்டி என்றால் சேற்று டயர். பெரிய பெரிய பட்டன், நடுவே அகலமான பள்ளம். சுழலும்போது சேற்றைத் தானே உதறித் தள்ளும். பார்க்க மிரட்டலாக இருக்கும்; அதற்காகவே வாங்குகிறவர்களும் உண்டு. (நானும் ஒரு காலத்தில் ஆசைப்பட்டவன்தான்.) ஆனால் பள்ளம் அகலமாக இருந்தால் தார்ச்சாலையைத் தொடும் ரப்பர் குறைவு என்றுதான் அர்த்தம். பட்டனின் மேற்பரப்பில் இருக்க வேண்டிய மெல்லிய கீறல்களும் எம்டியில் குறைவு. ஈரச் சாலையில் நீர்ப்படலத்தை அறுத்து ரப்பரைத் தாரோடு ஒட்டவைப்பது அந்தக் கீறல்கள்தான். கூடவே, கூர்மையான கல் கிழிக்காமல் இருக்க எம்டியின் ரப்பர் கலவையைக் கடினமாகச் செய்வார்கள். கடினமான ரப்பர் ஈரத்தில் அவ்வளவாகப் பிடிக்காது.

"பட்டன் பெருசா இருந்தா பிடிமானம் அதிகம்" என்று பலர் நம்புவது இங்கேதான் தவறுகிறது. சேற்றில் அது உண்மை. மழை பெய்த தீவு விரைவுச்சாலையில் நேர் எதிர்.

நடுவில் இருப்பது ஏடி, எல்லா நிலத்துக்குமான டயர். எதிலும் முதல் மதிப்பெண் வாங்காது, எதிலும் தோற்காது. தினமும் தார், இடையிடையே மண் என்று ஓடும் பிக்கப்புக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். அதிலும் சாலைப் பக்கம் சாய்ந்த ஏடி உண்டு, சேற்றுப் பக்கம் சாய்ந்த ஏடி உண்டு. பட்டன்களுக்கு இடையே உள்ள இடைவெளியையும், மேலே கீறல்கள் எத்தனை இருக்கின்றன என்பதையும் பார்த்தாலே தெரிந்துவிடும். கீறல் அதிகம் உள்ளதை எடுங்கள்.

நீங்கள் தளத்தின் வாயில் வரை மட்டும் போகிறவர், உள்ளே சரளைக்கல் போட்ட பாதைதான் என்றால் ஏடிகூட வேண்டாம். எச்டியே போதும்.

சில ஏடி டயர்களின் பக்கவாட்டில் மலைச்சிகரமும் பனித்துகளும் பொறித்திருப்பார்கள். கடும் பனியில் சோதித்த டயர் என்பதன் அடையாளம் அது. அதற்காகக் கூடுதல் பணம் கேட்டால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடலாம். இங்கே நமக்குத் தெரிந்த பனி குளிர்பதனப் பெட்டியில் மட்டும்தான்.

சிறு லாரி என்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று

பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள லாரிகளுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு.

முன்சக்கரம் திருப்புவதற்கு. அதற்கு நீளவாட்டில் நேர்வரிகள் ஓடும் டயர்தான் பொருத்தம். நீர் அந்த வரிகள் வழியே வெளியேறும், வண்டி நேராகப் போகும். பின்சக்கரம் தள்ளுவதற்கு. அங்கே குறுக்குப் பட்டன் உள்ள டயரோ, சாலை, மண் இரண்டுக்கும் என்று தயாரிப்பாளர்கள் தனியே விற்கும் கலப்புப் பயன்பாட்டு டயரோ போடலாம். சேற்றிலிருந்து வெளியேற்றுவது பின்சக்கரம்தானே. முன்னாலும் பின்னாலும் ஒரே முரட்டு டயரைப் போட்டுவிட்டு, "சேத்துக்கு நல்லா இருக்கும்" என்று சொல்வது பணத்துக்கும் கேடு, ஸ்டீயரிங்குக்கும் கேடு.

ஒரே அச்சில் இடப்பக்கம் ஒரு வகை, வலப்பக்கம் ஒரு வகை என்று மட்டும் போடவே போடாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

ரீட்ரெட் செய்த டயர், அதாவது பழைய உடலின் மேல் புதுப் பட்டன் ஒட்டியது, லாரித் தொழிலில் சாதாரணம். நம்பகமான இடத்தில் செய்ததென்றால் பின்சக்கரத்துக்கு அது பரவாயில்லை. முன்சக்கரத்துக்கு நான் போடமாட்டேன். முன்டயர் வெடித்தால் ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்காது.

பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

டயர் வாங்கும்போது பெரும்பாலோர் பார்ப்பது பட்டனையும் விலையையும். உண்மையில் பார்க்க வேண்டியது பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. வேன்களிலும் சில சிறு சரக்கு வாகனங்களிலும் காணப்படும் அளவு இது: 195 ஆர் 15 சி 106/104 ஆர்.

195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்து வரும் ஆர், ரேடியல் அமைப்பு. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். சி என்றால் வர்த்தக வாகனத்துக்கானது. கடைசியில் நிற்கும் ஆர் வேகக் குறியீடு. மணிக்கு 170 கிலோமீட்டர் வரை தாங்கும் என்று பொருள். லாரிக்கு அது தேவைக்கு மேலேயே.

நடுவில் இருக்கும் 106/104தான் முக்கியம். அது சுமைக் குறியீடு. 106 என்றால் ஒற்றைச் சக்கரமாகப் பொருத்தும்போது ஒரு டயர் 950 கிலோ தாங்கும். 104 என்றால் இரட்டைச் சக்கரமாகப் பொருத்தும்போது ஒவ்வொன்றும் 900 கிலோ தாங்கும்.

இப்போது இதோடு 195/80 ஆர் 15 96 என்ற டயரை ஒப்பிட்டுப் பாருங்கள். சுசுகி ஜிம்னி போன்ற சிறிய ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு வருவது. அதே அகலம், அதே ரிம், உயரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஏடி வடிவிலும் கிடைக்கும், அழகாகவும் இருக்கும். லாரி ரிம்மில் ஏறவும் ஏறும். ஆனால் 96 என்ற சுமைக் குறியீட்டின் அர்த்தம் 710 கிலோ.

ஒரு டயருக்கு 190 கிலோ குறைவு. பின்னால் நான்கு டயர் என்றால் 760 கிலோ குறைவு. ஒருவருக்கு 70 கிலோ என்று வைத்தால் பத்துப் பதினொரு பேரின் எடை அது. அதாவது பின்தட்டில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும், டயருக்குத் தெரியாமல் ஏறிய சுமையாக ஆகிவிடுவார்கள். முதல் நாள் ஒன்றும் ஆகாது. சுமையில் டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கும், சூடாகும். ஒரு நாள், வெயிலில், விரைவுச்சாலையில், கிழியும்.

சுமைக் குறியீடு தயாரிப்பாளர் சொன்னதைவிடக் குறையக்கூடாது. உங்கள் வண்டிக்கு என்ன எண் வேண்டும் என்பது ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டையிலோ கையேட்டிலோ இருக்கும். லாரியின் மொத்த எடை வரம்பும், எத்தனை பேர் ஏறலாம் என்பதும் வண்டியின் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். தினமும் பார்த்துப் பழகியதால் கண்ணில் படாமல் போகும் எழுத்து அது. ஆட்களின் எடையோடு சிமெண்ட் மூட்டை, கம்பி, கருவிப்பெட்டி எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

"எட்டுப் பிளை", "பத்துப் பிளை" என்று கடையில் சொல்வார்கள். உள்ளே உண்மையிலேயே எட்டு அடுக்குத் துணி இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. பழைய காலப் பருத்தி அடுக்குகளை வைத்து உருவான வலிமைக் கணக்கு, பெயர் மட்டும் இன்னும் நிலைத்துவிட்டது. பிளை எண்ணை நம்புவதைவிடச் சுமைக் குறியீட்டை நம்புங்கள்.

லாரி டயர் பற்றி நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு செய்தி. கார் டயரைவிட லாரி டயரில் இயற்கை ரப்பரின் பங்கு அதிகம். பாரத்தில் அதிகம் சூடாகாது, சீக்கிரம் கிழியாது என்பதால். அந்த ரப்பருக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு. டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்ற 1888ஆம் ஆண்டில்தான் ஹென்ரி ரிட்லி சிங்கப்பூர்ப் பூமலையின் பொறுப்பை ஏற்றார். மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையை அங்கே உருவாக்கியவர் அவர். பின்னர் மலாயாத் தோட்டங்களில் விடியற்காலையில் அந்தப் பாலை வெட்டியவர்களில் பெரும் பகுதியினர் தமிழர்கள். பால்மரம் என்றால் நம் தாத்தா பாட்டிக்கு விளக்கவே வேண்டியதில்லை. சரி, கடைக்குத் திரும்புவோம்.

ஒரு சுற்று பெரிதாகப் போட்டால் என்ன?

பிக்கப் வைத்திருப்பவர்களின் நிரந்தரச் சபலம் இது. கொஞ்சம் உயரமான டயர், கொஞ்சம் வெளியே நீட்டிய ரிம்.

பிக்கப்களில் பரவலாக உள்ள 265/65 ஆர் 17 டயரின் விட்டம் சுமார் 776 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 265/70 ஆர் 17 போட்டால் 803 மில்லிமீட்டர். ஏறக்குறைய மூன்றரை விழுக்காடு அதிகம். வேகமானி 70 என்று காட்டும்போது நீங்கள் உண்மையில் 72க்கு மேல் ஓடிக்கொண்டிருப்பீர்கள். 3,500 கிலோ வரையிலான இலகு சரக்கு வாகனத்துக்கு விரைவுச்சாலையில் வேக வரம்பு 70 என்பதை மறக்கவேண்டாம். கேமராவுக்கு உங்கள் டயர் அளவு தெரியாது.

3,500 கிலோவுக்கு மேல் 12,000 கிலோ வரையிலான லாரிகளுக்கு 2024 ஜனவரியிலிருந்து வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டம் கட்டமாகக் கட்டாயமாகி வருகிறது. சக்கரச் சுழற்சியை வைத்து வேகத்தைக் கணக்கிடும் வண்டியில் டயர் அளவை மாற்றினால், அந்தக் கணக்கும் மாறும்.

டயரும் ரிம்மும் மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. இது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதி. தயாரிப்பாளர் குறித்த அளவிலேயே இருந்துவிடுங்கள். பரிசோதனையன்று படபடப்பு இருக்காது.

காற்று: காசில்லாத பாதுகாப்பு

நல்ல டயர் வாங்கி, தவறான காற்றில் ஓட்டினால் வாங்கியது வீண்.

காற்று குறைந்த டயரின் நடுப்பகுதி ஈரச் சாலையில் உள்வாங்கும்; நீரை வெட்டித் தள்ளாமல் அதன் மேல் மிதக்கத் தொடங்கும். சுமையோடு போகும்போது பக்கவாட்டு சூடாகும். கண்ணால் பார்த்தும் உதைத்தும் காற்று சரி என்று சொல்லும் வித்தை ரேடியல் டயரிடம் பலிக்காது. அளவுமானியைக் கையில் எடுங்கள். காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். வாரத்துக்கு ஒரு முறை போதும்.

பிக்கப்புக்குச் சாதாரண டயருக்குப் பதில் எல்டி என்று குறித்த கனமான டயரைப் போட்டீர்களா? அதே சுமையைத் தாங்க அதற்கு முன்பைவிட அதிகக் காற்று வேண்டும். பழைய அட்டையில் உள்ள எண்ணையே அடித்துக்கொண்டிருந்தால், வலுவான டயர் என்று வாங்கியது வலுவிழந்த டயராகத்தான் ஓடும். சரியான அழுத்தத்தைக் கடையில் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

"சேத்துல காத்தக் கொறைச்சா நல்லாப் பிடிக்கும்" என்பதும் உண்மைதான். ஆனால் அது பொழுதுபோக்குக்குப் போகும் பிக்கப்புக்கு. ஆள் ஏற்றும் லாரியில், அதிலும் பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டியில், அதைச் செய்யாதீர்கள். காற்று குறைந்த இரண்டு டயரும் புடைத்து ஒன்றோடொன்று உரசும்.

உள்பக்கத்து டயரை யார் பார்ப்பது?

சட்டப்படி வரிப்பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் கதை முடிந்தது. மலாயில் வரிப்பள்ளத்தைப் பூ என்பார்கள். பூ போனால் போத்தாக். மொட்டை!

1.6 என்பது தண்டனையிலிருந்து தப்பிக்கும் எல்லை. மழையில் பாதுகாப்பாக நிற்கும் எல்லை அல்ல. ஆட்களை ஏற்றுகிற வண்டியை 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள் என்பேன். முதலாளிகளுக்குக் கசக்கும், தெரியும்.

பத்தாண்டுக்கு உட்பட்ட இலகு சரக்கு வாகனம் ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போகவேண்டும். பத்தாண்டைத் தாண்டிவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. விகாம், எஸ்டிஏ, ஜேஐசி நிலையங்களில் டயரையும் பார்ப்பார்கள். ஆனால் கட்டுமானத் தளத்துக்குப் போகிற டயர் ஒரே வாரத்தில் மாறிவிடும். கம்பித்துண்டு, ஆணி, உடைந்த கான்கிரீட் விளிம்பு என்று எல்லாமே அதற்கு எதிரி. அடுத்த பரிசோதனை வரை அது காத்திருக்காது.

தளத்தை விட்டு வெளியேறும் முன் சக்கரத்தைக் கழுவும் இடம் இருக்கும் அல்லவா? பொதுச் சாலையில் சேறு விழாமல் இருக்க வைத்த ஏற்பாடு. டயரைப் பார்ப்பதற்கும் அதுதான் சிறந்த இடம். சேறு போனதும் பக்கவாட்டில் வெட்டு தெரியும், வீக்கம் தெரியும். வீக்கம் இருந்தால் உள்ளே இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த டயரை ஒட்டுப்போட முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

இரட்டைச் சக்கரத்தின் உள்டயரைக் குனிந்து பாருங்கள். யாரும் பார்க்காத டயர் அது. உள்டயரில் காற்று போய்விட்டால் வெளியிலிருந்து தெரியாது. வெளிடயர் இரண்டின் பாரத்தையும் தாங்கி ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்று ஜோடி சேர்த்தாலும் இதே கதைதான். உயரமான டயர் பாரத்தைச் சுமக்கும், குட்டையானது சும்மா சுற்றும். சிறு லாரி டயர்களில் இரண்டின் விட்டத்துக்கும் இடையே 6 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவே கல் மாட்டியிருக்கிறதா என்றும் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். முஷ்டி அளவுக் கல் ஒன்று விரைவுச்சாலையில் கழன்று பறந்தால், பின்னால் வரும் மோட்டார்சைக்கிள்காரருக்கு ஒதுங்க நேரம் இருக்காது.

ஜொகூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு

சிங்கப்பூரில் காட்டுப்பாதை என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. வார நாளில் வேலைக்கும், விடுமுறையில் ஜொகூர், பாகாங் பக்கம் முகாம் போடவும் ஒரே பிக்கப்பை வைத்திருப்பவர்கள் உண்டு. எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்குக் கஹாங் வழியாகப் போகும் நீண்ட பாதை இவர்களுக்குப் பழக்கம். செம்பனைத் தோட்டத்துச் செம்மண், மழை பெய்தால் சோப்பு.

இவர்களுக்கும் ஏடிதான். வாரத்தில் ஐந்து நாள் விரைவுச்சாலை, மாதத்தில் ஒரு நாள் காடு என்றால், எந்த நாளுக்காக டயர் வாங்குவது என்பதில் குழப்பமே வேண்டாம். பக்கவாட்டு வலுவான ஏடியாகப் பாருங்கள். காட்டில் டயர் கிழிவது பெரும்பாலும் பக்கவாட்டில்தான், கட்டையிலும் கல்லிலும் உரசி.

சேற்றில் காற்றைக் குறைத்தால், தார்ச்சாலைக்கு ஏறுமுன் மீண்டும் அடிக்க ஒரு கையடக்கக் கம்ப்ரஸர் கட்டாயம். ஸ்டெப்னி டயர் மற்ற நான்கின் அளவிலேயே இருக்கட்டும். ஃபோர் வீல் டிரைவில் ஓடும்போது விட்டம் வேறுபட்டால் கியர் பெட்டிக்குப் பின்னால் உள்ள இணைப்புப் பகுதிக்குச் செலவு வரும்.

கிளம்பும் முன் இரண்டு விஷயம். சிங்கப்பூரில் பதிவான வண்டியின் எரிபொருள் கலன் குறைந்தது முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி 2025 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. இங்கே பிக்கப்கள் பெரும்பாலும் சரக்கு வாகனமாகவே பதிவாகின்றன என்பதால், உங்கள் வண்டிக்குத் தனி அனுமதி தேவையா என்று மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கடையில் நிற்கும்போது

விலை பேசிமுடித்த பிறகு டயரின் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கம் அது. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. மூன்று நான்கு ஆண்டு கிடங்கில் கிடந்த டயரைத் தள்ளுபடியில் தலையில் கட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பட்டன் நன்றாக இருந்தாலும் ஐந்தாண்டைத் தாண்டிய டயரை ஆண்டுதோறும் நிபுணரிடம் காட்டவேண்டும் என்பதும், எப்படியிருந்தாலும் பத்தாண்டுக்கு மேல் ஓட்டக்கூடாது என்பதும் பெரிய தயாரிப்பாளர்கள் சொல்லும் வரம்பு. சில இலகு லாரிகள் குறைவாக ஓடி, வெயிலில் அதிகம் நிற்கும். அவற்றின் டயர் தேய்வதற்கு முன்பே வெடிப்பு விட்டுவிடும்.

பணம் இரண்டு டயருக்குத்தான் இருக்கிறதா? பிக்கப் என்றால் புதியதைப் பின்னால் போடுங்கள். காலியாக ஓடும் பிக்கப்பின் பின்பக்கம் லேசானது. ஈரத்தில் முதலில் வழுக்குவது அதுதான். இரட்டைச் சக்கர லாரி என்றால் நல்ல டயர் முன்னால், முன்னால் இருந்தது பின்னால் என்பதே தொழிலில் வழக்கம்.

கழற்றும்போதே வால்வையும் மாற்றச் சொல்லுங்கள். பழைய டயர் ஒரு ஓரமாக மட்டும் தேய்ந்திருந்தால் அன்றைக்கே வீல் அலைன்மெண்ட்டும் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் புதியதும் அதே ஓரத்தில்தான் தேயும்.

கடைசியாக, நட். டயர் மாற்றிய பின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட் கொஞ்சம் தளரக்கூடும். மறுபடியும் கடைக்குப் போய், டார்க் ஸ்பேனரால் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கடைகளில் இதற்குக் காசு கேட்பதில்லை. ஐந்து நிமிட வேலை. திங்கட்கிழமை காலை ஆட்களை ஏற்றுவதற்கு முன் முடித்துவிடுங்கள்.